அந்தமான் ஆளில்லாத் தீவு அல்ல

தமிழ்நாட்டிலிருந்து அந்தமானுக்குச் சுற்றுலா வரவிருக்கும் குடும்பத்தினருக்கும், கல்லூரி மாணவர்களுக்கும், புதுமணத் தம்பதியருக்கும்,



நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். துறைமுகக் கட்டுமான வேலைக்கென்று ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த என் தாத்தா திரும்பிப் போகவில்லை. இந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

நீங்கள் வருவது எங்களுக்குச் சந்தோஷம். சென்னையிலிருந்து கப்பலில் வந்தால் மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓட்டலும் ஆட்டோவும் படகும் இளநீர்க் கடையும் உங்களை நம்பி நடக்கின்றன. எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குச் சுற்றுலாதான் முதல் வேலை. ஆகவே இது உங்களை வரவேண்டாம் என்று சொல்லும் கடிதமில்லை. வருமுன், பயணத் திட்டத்தை ஏஜென்ட்டிடம் உறுதிசெய்யுமுன், சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

அந்தமான் விளம்பரப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை மணல், பச்சையும் நீலமும் கலந்த கடல், சாய்ந்த தென்னை ஒன்று. மனித முகமே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், யாருமில்லாத இடத்துக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்போடுதான் நடந்துகொள்கிறார்கள். சத்தமாகப் பாட்டு வைப்பதும், குப்பையைப் போட்டுவிட்டுப் போவதும், கடலில் கிடப்பதையெல்லாம் பைக்குள் அள்ளுவதும் அந்த நினைப்பிலிருந்து வருபவை. அந்தமான் நிக்கோபாரின் 570க்கும் மேற்பட்ட தீவுகளில் மனிதர் வாழ்பவை நாற்பதைத் தொடாது என்பது உண்மை. ஆனால் நீங்கள் கால் வைக்கப்போகும் ஒவ்வோர் இடத்திலும் உங்களுக்கு முன்பே யாரோ இருந்திருக்கிறார்கள், பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்; மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

முதலில் நாள் கணக்கு. தமிழ்நாட்டில் விற்கும் திட்டம் பெரும்பாலும் நான்கு இரவு, ஐந்து பகல். வந்து இறங்கிய மதியமே செல்லுலார் சிறை, மறுநாள் ராஸ் தீவும் நார்த் பேயும், அதற்கடுத்த நாள் ஹேவ்லாக், பிறகு நீல், இடையில் எப்படியாவது பாராட்டாங். தாளில் பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் அந்தமான் கல்கத்தாவுக்கும் கிழக்கே இருக்கிறது, கடிகாரமோ இந்திய நேரத்தில் ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும், ஐந்தரைக்கு நல்ல இருட்டு. காலை ஒன்பது மணிக்கு எழுந்து பத்தரைக்குக் கிளம்பும் பழக்கம் இங்கே ஒத்துவராது. விடியலில் கிளம்பி மூன்று மணிக்குள் பார்க்க வேண்டியதைப் பார்ப்பவர்களுக்குத்தான் இந்தத் தீவுகள் பிடிபடும். தீவுக்குத் தீவு போகும் படகும் கடலின் மனநிலையைப் பொறுத்தது. மே முதல் டிசம்பர் வரை மழை விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும். காற்று பலமானால் படகை நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் தங்குங்கள். மொத்தத்தில் ஓர் இடத்தைக் குறைத்து, ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஊருக்குள் நீங்கள் முதலில் போகும் இடம் செல்லுலார் சிறையாகத்தான் இருக்கும். அங்கே அரை மணி நேரத்தில் படமெடுத்து முடித்துவிட்டு, மாலையில் ஒலி ஒளிக் காட்சி பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்த கட்டடம். நடுவே ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து ஏழு திசைக்கும் நீண்ட ஏழு கொட்டடிகள், கிட்டத்தட்ட 700 அறைகள். ஒவ்வொரு கொட்டடியின் முன்புறமும் அடுத்த கொட்டடியின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். எதிர் அறையில் யார் இருக்கிறார் என்று ஒரு கைதிக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம், கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சின்னச் சாளரம். ஓர் அறைக்குள் தனியாகப் போய்ச் சில நிமிடம் நின்று பாருங்கள். குழந்தைகளையும் நிற்கச் சொல்லுங்கள். மாடுபோலக் கைதிகளைப் பூட்டித் தேங்காய் எண்ணெய் ஆட்டவைத்த செக்கின் மாதிரியை முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். நாள் முடிவில் எண்ணெய் அளவு குறைந்தால் கசையடி.

சிறைக்கு முன்பே இங்கே கைதிகள் இருந்தார்கள். 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களில் முதல் 200 பேர் 1858 மார்ச் 10 அன்று கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள்தான் காடு வெட்டி, சதுப்பு நிலம் தூர்த்து, இந்த ஊருக்கு அடித்தளம் போட்டவர்கள். பிற்காலக் கைதிகளில் சாவர்க்கர், பரீந்திர கோஷ், படுகேஷ்வர் தத் போன்ற பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்படாத மூன்று பெயர்களையும் தேடிப் படியுங்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா. 1933இல் படிக்கப் புத்தகமும் இரவில் விளக்கும் தின்னக்கூடிய சோறும் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதில் உயிர் போனது. 1937இல் கைதிகள் மீண்டும் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் அரசியல் கைதிகளைப் பெருநிலத்துக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள்.

ஏழு கொட்டடிகளில் இன்று நிற்பவை மூன்று. நிலநடுக்கத்திலும் ஜப்பானியர் காலத்திலும் அதற்குப் பிறகும் மற்றவை போயின. அந்த நிலத்தில்தான் எங்கள் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. தீவு மக்கள் பலர் பிறந்த இடமும் அதுவே. சிறையை விட்டு வெளியே வரும்போது அந்த ஆஸ்பத்திரி வாசலில் மருந்துச் சீட்டோடு காத்திருக்கும் கூட்டத்தை ஒரு கணம் பாருங்கள். பல தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அவர்கள்.

ஜப்பானியர் காலத்தைப் பற்றி வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை இந்தத் தீவுகள் ஜப்பான் ராணுவத்தின் பிடியில் இருந்தன. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இங்கே தேசியக் கொடி ஏற்றினார். அது எல்லாருக்கும் தெரியும். அதே நாட்களில் சிறைக்குள் உள்ளூர்க்காரர்கள் பலர், ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில், வதைபட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங். அடுத்த மாதம், 1944 ஜனவரியில், சித்திரவதையில் இறந்தார். அதே ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 பேரைச் சுட்டுப் புதைத்தார்கள். ஊருக்கு வெளியே அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் அதிகம் நிற்காத இடம். வாண்டூர் பக்கம் போகும் நாளில் ஓட்டுநரிடம் சொல்லி வழியில் இறங்கிப் பார்க்கலாம். கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகும் சாலையோரம் தெரியும் கான்கிரீட் பதுங்கு குழிகளும் அந்த மூன்றரை ஆண்டின் மிச்சமே. பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறி விளையாடும்போது அவை என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.

சிறைக்கு எதிரே கடலில் தெரிவது ராஸ் தீவு. இன்றைய பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. படகில் கால் மணி நேரம்கூட ஆகாது. பிரிட்டிஷ் நிர்வாகம் அங்கிருந்துதான் நடந்தது. நடன அரங்கு, தேவாலயம், ரொட்டிக் கடை, தண்ணீர் சுத்திகரிக்கும் ஆலை எல்லாம் இருந்த சின்ன நகரம். இன்று சுவர்களை ஆலமர இனத்து வேர்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன, இடையில் புள்ளிமான்கள் திரிகின்றன. அழகான இடம்தான். அந்தச் சுவர்களை எழுப்பிய கைகள் கைதிகளின் கைகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இன்னும் ஆழமாகத் தெரியும். மான்களுக்குச் சிப்ஸ் கொடுக்காதீர்கள்.

நேரமிருந்தால் சாத்தம் மரம் அறுக்கும் ஆலைக்கும் போங்கள். 1883இல் தொடங்கியது. 1942இல் ஜப்பான் விமானம் குண்டு போட்ட பள்ளம் இன்றும் இருக்கிறது. அந்தமான் படாக் மரத்தின் சிவந்த வைரத்தை அங்கே பார்க்கலாம். மானுடவியல் அருங்காட்சியகத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். மாலையில் அபர்டீன் பஜாரில், மணிக்கூண்டைச் சுற்றி, சும்மா நடந்து பாருங்கள். ஒரே கடையில் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம் ஐந்தும் காதில் விழும். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் தமிழர். பங்குனி உத்திரத்தன்று வந்தால் காவடிகள் நிறைந்த எங்கள் தெருக்களைப் பார்க்கலாம்.

இந்த மக்கள் எப்படி வந்தார்கள்? கைதிகளாக வந்து, தண்டனை முடிந்து, இங்கேயே குடும்பம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளை இங்கே ‘லோக்கல் பார்ன்’ என்பார்கள். சாதியும் மதமும் பாராமல் மணந்துகொண்டவர்கள். 1921 மலபார் கிளர்ச்சியில் நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளைமார் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். நீங்கள் பவளம் பார்க்கப் படகேறும் வாண்டூர், மலப்புறத்து வண்டூர்தான். 1920களில் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறினார்கள். ராஞ்சியிலிருந்து காடு வெட்ட வந்த பழங்குடித் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் குடும்பங்கள் சிலவற்றை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மிகக் கொடூரமாக அடித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று.

நீங்கள் ஆசையாக வரும் ஹேவ்லாக்கும் நீலும் அகதிகள் எழுப்பிய ஊர்கள். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர்களுக்கு 1949 முதல் அரசு இங்கே நிலம் கொடுத்தது. காட்டைத் திருத்தி வயலாக்கினார்கள். ராதாநகர், விஜயநகர், கோவிந்தநகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று கடற்கரைகளுக்கு இருக்கும் பெயர்களெல்லாம் அவர்களுடைய கிராமப் பெயர்கள். நீல் தீவில் விளையும் காய்கறிதான் போர்ட் பிளேர்ச் சந்தைக்கு வருகிறது. நீலில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். கடற்கரைகளுக்கு நடுவே இருக்கும் வாழைத் தோப்பு, வெண்டைப் பாத்தி, குளம், பாக்குமரம் சூழ்ந்த வீடுகள் வழியே ஒரு காலைப்பொழுது சுற்றி வாருங்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அது இருக்காது. ஆனால் அந்த ஊரை அப்போதுதான் பார்த்ததாகும்.

இனி கடற்கரை. ராதாநகர் கடற்கரை மேற்கு பார்த்தது. பின்னால் உயர்ந்த மஹுவா மரக்காடு, முன்னால் அகன்று வளைந்த வெள்ளை மணல். 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து கூட்டம் மாலையில் குவிகிறது. நான் சொல்வேன், காலை ஆறு மணிக்குப் போங்கள். ஈரமணலில் நண்டுத் தடங்கள் கலையாமல் இருக்கும், காட்டிலிருந்து கிளிகளின் சத்தம் கேட்கும். சூரிய உதயத்துக்குக் காலாபத்தர். நீலில் உதயம் சீதாபூரில், அஸ்தமனம் லட்சுமண்பூரில். அலை வற்றும் நேரம் பார்த்து லட்சுமண்பூரின் இயற்கைப் பாறைப் பாலத்துக்குப் போனால் பாறைக் குழிகளில் கடல் வெள்ளரி, நட்சத்திர மீன், சின்னச் சின்னப் பவளங்கள் எல்லாவற்றையும் நீருக்குள் இறங்காமலே பார்க்கலாம். வற்றுநேரம் நாளுக்கு நாள் மாறும். முந்தைய இரவே உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே எங்கே கால் வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பவளம் பாறை அல்ல, உயிர். கடுகளவு உயிரிகள் கோடிக்கணக்கில் சேர்ந்து தங்களுக்குச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். நீங்கள் நின்று படம் எடுக்கும் மேடை உங்கள் தாத்தாவின் தாத்தா காலத்தில் தொடங்கியதாக இருக்கலாம். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சாப்பாடும் நிறமும் தருகிறது. கடல் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடானாலே அந்தப் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துப்போகும். 2010 கோடையில் இந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளம் வெள்ளை வெளேரென்று வெளுத்தது. 2016இலும் வெளுத்தது. பிழைத்து மீண்டு வருபவற்றை நாம் செருப்புக் காலால் உடைக்கலாமா? மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு மேலே மிதந்து பாருங்கள். நீருக்குள் நிற்க வேண்டும்போல் இருந்தால் மணல் தரை வரும்வரை பொறுங்கள். சன்ஸ்கிரீன் பூசுவதற்குப் பதிலாக முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

வாண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவு, 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. படகேறும்போது பிளாஸ்டிக்கைச் சோதிப்பார்கள். அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. பொறுமையாக ஒத்துழையுங்கள். அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் அங்கே இன்னும் பார்க்கப் பவளம் இருக்கிறது. ஜாலி பாய்க்கும் ரெட் ஸ்கின் தீவுக்கும் மாறிமாறி ஓய்வு கொடுப்பதும் அதற்காகவே.

கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டையும் சங்கையும் பொறுக்க வேண்டாம். எந்தப் பவளமானாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பது. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்தால் பிடிபடும். சட்டத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நீங்கள் மிதிக்கும் வெள்ளை மணலில் பெரும்பங்கு பவளமும் சிப்பியும் உடைந்து உருவானது. கிளி மீன்கள் பவளத்தைக் கொறித்து, அரைத்து, மணலாகக் கழிக்கின்றன. காலிச் சங்கு, துறவி நண்டுக்கு வீடு. உடம்பு வளர வளர அது பெரிய சங்கு தேடி அலையும். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் சங்கு ஒரு நண்டுக்குக் கிடைக்காமல் போன வீடு.

பாதுகாப்பு பற்றி ஒன்று மட்டும். இந்தத் தீவுகளில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் முகத்துவாரத்திலும், அலையாத்திக் காட்டோரத்திலும் இறங்கவே கூடாது. 2010இல் ஹேவ்லாக்கில் நீருக்குள் முகமூடி அணிந்து நீந்திக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலையால் உயிரிழந்தார். காவலர் விசில் ஊதினால் கரையேறிவிடுங்கள். குடித்துவிட்டு இறங்காதீர்கள், இருட்டிய பிறகு இறங்காதீர்கள்.

இப்போது இந்தக் கடிதத்தின் மையத்துக்கு வருகிறேன். பாராட்டாங் போகும் சாலை.

பாராட்டாங்கில் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் இருக்கின்றன. குகைக்குப் போகும் படகு அலையாத்திக் கால்வாய் வழியே போகும், நல்ல அனுபவம்தான். ஆனால் சாலை வழியாகப் போனால் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியுமுன் வரிசையில் நின்று, அணிவகுத்துப் போகும் வண்டிகளோடு, ஜாரவா மக்களின் காட்டுக்குள் புகுந்து போக வேண்டும். ஜாரவா மக்கள் சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். அந்தக் காட்டில் அவர்கள் வேட்டையாடியும் தேன் எடுத்தும் மீன் பிடித்தும் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். வெளியாருடன் இணக்கமாகப் பழகத் தொடங்கியதே 1990களின் கடைசியில். உடனே 1999இல் தட்டம்மை பரவியது, 2006இல் மீண்டும் பரவியது. நமக்குச் சாதாரணமான சளியும் காய்ச்சலும் அவர்கள் உடம்புக்குப் பழக்கமில்லாதவை.

பாராட்டாங் போகும் இந்த அந்தமான் ட்ரங்க் சாலையை அந்தக் காட்டை ஊடறுத்துப் போட்டார்கள். ஜாரவா பழங்குடிக் காப்பகத்துக்குள் போகும் பகுதியை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடவில்லை. 2012 ஜனவரியில், சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால் ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. நாட்டுக்கே தலைகுனிவு. 2013இல் நீதிமன்றம் சுற்றுலா வண்டிகளுக்குச் சில வாரங்கள் தடை போட்டது. பிறகு தடை விலகியது. இன்று வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது, மீறினால் சிறைத்தண்டனையும் உண்டு. ஆனாலும் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஜன்னலோரம் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். “அதோ பாருங்க, அதோ!” என்று கை நீட்டுவார்கள். ஒரு குடும்பம் சாலையோரம் கூடையோடு போய்க்கொண்டிருக்கும். நம் பிள்ளைகள் தெருவில் நடக்கும்போது நாற்பது வண்டியிலிருந்து முகம் தெரியாதவர்கள் எட்டிப் பார்த்தால் நாம் பொறுப்போமா?

நான் படம் எடுக்க மாட்டேன், அமைதியாகப் போய் வருவேன் என்று நீங்கள் சொல்லலாம். உங்களை நம்புகிறேன். ஆனால் அந்தச் சாலையில் வண்டிகளின் எண்ணிக்கையே பிரச்சினை. நல்லவர் போகும் வண்டியும் ஒரு வண்டிதான். வடக்கே இருக்கும் ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் மக்கள் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் போக அந்தச் சாலையை நம்பியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அவர்களுக்கு வேறு நல்ல வழி செய்ய வேண்டியது அரசின் கடமை. குகை பார்க்கப் போகும் நமக்கு அந்த அவசரம் இல்லை. கடல் வழியாகப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் பாராட்டாங்கை விட்டுவிடுங்கள்.

இதில் பிடிவாதம் ஏன் என்று கேட்பீர்கள். 1858இல் பிரிட்டிஷார் குடியேறியபோது பெரிய அந்தமானியர் என்று இன்று அழைக்கப்படும் மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1859 மே 17 அன்று வில்லம்போடு அபர்டீனில் துப்பாக்கியை எதிர்த்து நின்றார்கள். நீங்கள் மாலையில் நடக்கும் அதே அபர்டீன்தான். நினைவுத் தூண் ஒன்று அங்கே உண்டு. பிறகு அவர்களை அழித்தவை தோட்டாக்களைவிட அதிகமாக நோய்கள். 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர். இன்று ஐம்பதைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களுடைய மொழிகளில் ஒன்றான போ மொழி பேசத் தெரிந்த கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். தன் மொழியில் பேச ஒருவர்கூட இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். பேச்சுத் துணைக்குப் பறவைகளிடம் பேசுவார் என்று அவருடைய மொழியைப் பதிவுசெய்த ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். ஜாரவா மக்களுக்கு அந்தக் கதி வரக்கூடாது. அவர்களைப் பற்றி அறிய ஆசை இருந்தால் அதற்குத்தான் மானுடவியல் அருங்காட்சியகம். பழங்குடிகளின் வில், தோணி, கூடை, குடிசை மாதிரிகள், பழைய படங்கள் எல்லாம் இருக்கின்றன. யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம்.

மிச்சமிருப்பவை சின்ன வேண்டுகோள்கள். கோடையில் எங்கள் குழாய்களில் தண்ணீர் நாள் விட்டு நாள்தான் வரும், சில ஆண்டுகளில் அதுவும் தள்ளிப்போகும். ஊருக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை மழையை நம்பியது. குளியலறையில் வாளியில் பிடித்துக் குளியுங்கள். தண்ணீர் பாட்டிலைத் திரும்ப நிரப்பிக்கொள்ளுங்கள், தீவில் குப்பை போட வேறு நிலம் இல்லை. எங்கள் கடலில் பிடித்த சூரையும் வஞ்சிரமும் தேங்காய்ப்பாலில் கொதிக்கும் சின்ன மெஸ்களில் ஒரு வேளையாவது சாப்பிடுங்கள். நீங்கள் தரும் பணம் தீவிலேயே தங்கும். உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளிலிருந்து மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஐம்பது பிள்ளைகளோடு வரும்போது நேரத்துக்குச் சேர்ப்பதே பெரும்பாடு என்பது தெரியும். கிளம்புமுன் வகுப்பில் ஒரு மணி நேரம் எடுத்து, 1858, 1933, 1944, 2004 என்று நான்கு ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகளையே தேடிப் பேசச் சொல்லுங்கள். தேடிப் படித்துவிட்டு வந்த பிள்ளை சிறைக்குள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். நீங்கள் அதட்ட வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது நீங்கள் ஏஜென்ட்டின் முன் உட்காரும் அரை மணி நேரம். சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் போடும் திட்டத்தைத்தான் இங்கே ஓட்டுநரும் படகுக்காரரும் நிறைவேற்றுகிறார்கள். எதைக் கேட்கிறீர்களோ அதைத்தான் அடுத்த மாதம் விற்பார்கள். ஆகவே கேளுங்கள். பாராட்டாங்குக்குச் சாலை வழியா, கடல் வழியா? சாலை என்றால் அந்த நாளை எடுத்துவிட்டு நீலில் ஓர் இரவைக் கூட்டித் தர முடியுமா? செல்லுலார் சிறைக்குக் காலை நேரம் முழுதும் ஒதுக்கியிருக்கிறீர்களா? மானுடவியல் அருங்காட்சியகமும் ஹம்ஃப்ரிகஞ்சும் பட்டியலில் உண்டா? படகு நின்றுபோனால் மாற்று ஏற்பாடு என்ன? ஐந்து கேள்விகள்தான். ஒரு குடும்பம் கேட்டால் வித்தியாசமான ஆள் என்று நினைப்பார்கள். நூறு குடும்பம் கேட்டால் திட்டமே மாறும். சட்டமும் நீதிமன்றமும் இத்தனை ஆண்டுகளில் முழுதாகச் செய்ய முடியாததை, காசு கொடுக்கும் நீங்கள் ஒரு பருவத்தில் தொடங்கிவைக்கலாம்.

வாருங்கள். பெட்டி கட்டுமுன் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
போர்ட் பிளேரிலிருந்து ஒரு தீவுத் தமிழன்